கண்ணி கூடினும் வேலைப்பாடு குலையலாகாது

செட்டிகுளம் வட்டாரம் சின்ன வெங்காயத்துக்குப் பெயர் பெற்றது. பெரம்பலூர் மாவட்டம் பொதுவாகப் பருத்திக்கும் மக்காச்சோளத்துக்கும் பெயர் பெற்றது. வெங்காய நடவு, களையெடுப்பு, அறுவடை, பட்டறை போடுதல் ஆகிய நாட்களில் உழவர் வீட்டில் ஒரு கையும் ஓய்ந்திராது. ஆனால் ஒரு வேலைக்கும் மற்றொரு வேலைக்கும் இடையே வாரக்கணக்கில் கைகள் சும்மா இருக்கும் காலமும் உண்டு. நெசவாளர் வீட்டிலும் பாவு வந்து சேரும்வரை இதே நிலைதான். இத்தகைய நாட்களில் குடும்பத்துப் பெண்மக்கள் கைப்பின்னலைத் துணைத்தொழிலாக மேற்கொள்ளலாம் என்ற யோசனை தோன்றும்போது, அதனை எளிதென்று எண்ணி ஏற்பவரும் உளர். வீண் பொழுதுபோக்கு என்று எண்ணித் தள்ளுபவரும் உளர். இரண்டு எண்ணமும் தவறு என்பது எமது கருத்து. பின்னலில் எந்த இடத்தில் திறமை தேவைப்படுகிறது என்பதை அறியாமையே இரண்டுக்கும் காரணம்.

இரண்டு ஊசியும் ஒரு நூலுருண்டையும் கொண்டு நேராக ஒரு பட்டை பின்னுவதைச் சில நாட்களில் எவரும் கற்றுக்கொள்ளலாம். கழுத்துப்பட்டி, மேசை விரிப்பு போன்றவை அவ்வாறே பின்னப்படுகின்றன. முதல் வரிசையில் எத்தனை கண்ணியோ, கடைசி வரிசையிலும் அத்தனை கண்ணியே. ஆனால் மனித உடல் பட்டை போன்றதன்று. மணிக்கட்டு குறுகியது, புயம் பருத்தது. ஆகவே சட்டைக் கையைப் பின்னுபவர் மணிக்கட்டில் குறைந்த கண்ணிகளோடு தொடங்கிப் போகப்போக இரு கரைகளிலும் கண்ணி கூட்டிச் செல்ல வேண்டும். துணியில் வேலைப்பாடு ஏதுமில்லையெனில் இதிலும் பெரிய தொல்லை இல்லை. வேலைப்பாடு இருந்தால்தான் சோதனை. கூடிவரும் ஒவ்வொரு கண்ணிக்கும் அந்த வேலைப்பாட்டில் ஓர் இடம் உண்டு. அந்த இடத்தை அறிந்து அதற்குரியபடி அதனைப் பின்னாவிட்டால் கட்டங்கள் சாயும், கொடிகள் முறியும், துளைகள் இடம் மாறும்.

நெசவாளருக்கு இந்தச் சங்கடம் இல்லை. தறியில் அகலத்தை அச்சு நிர்ணயித்துவிடுகிறது. உதாரணமாக, பாவில் 1,650 இழை இருந்து புட்டா ஒன்றுக்கு 80 இழை வேண்டுமாயின், 20 புட்டாவுக்கு 1,600 இழை போக எஞ்சிய 50-ஐ இரு கரைக்கும் 25 வீதம் பகிர்ந்துவிடுவார்கள். கணக்கு ஒருமுறை முடிந்தால் அந்தப் பாவு தீரும்வரை அதுவே கணக்கு. பின்னுபவருக்கோ சில வரிசைகளுக்கு ஒருமுறை கணக்கு மாறுகிறது. பாவில் இழை கூடிக்கொண்டே போகும் ஒரு தறியை நெசவாளர் கற்பனை செய்து பார்த்தால், பின்னுபவரின் நிலை அவருக்கு விளங்கும்.

ஒரு கணக்கைக் காட்டினால் விஷயம் தெளிவாகும். ஊசியில் நிற்கும் வளையமே கண்ணி. முன்புறம் வழுவழுப்பாகத் தெரிவதை நேர்க்கண்ணி என்றும், மேடாகப் புடைத்துத் தெரிவதைப் புரட்டுக்கண்ணி என்றும் கொள்வோம். மூன்று நேர்க்கண்ணி, மூன்று புரட்டுக்கண்ணி என நான்கு வரிசை பின்னிப் பிறகு அவற்றை இடம் மாற்றி நான்கு வரிசை பின்னினால், பாய் முடைந்ததுபோல் சிறு கட்டங்கள் உண்டாகும். இதில் அகலத்தில் 6 கண்ணி ஒரு கட்டு; நீளத்தில் 8 வரிசை ஒரு கட்டு. பத்துச் செண்டிமீட்டருக்கு 20 கண்ணியும் 28 வரிசையும் வரும் நூலெனக் கொண்டால், சிறுவர் சட்டைக் கைக்கு மணிக்கட்டருகே 36 கண்ணி, அதாவது 18 செண்டிமீட்டர், போதும். புயத்தருகே 60 கண்ணி, அதாவது 30 செண்டிமீட்டர் வேண்டும். கூட்ட வேண்டியவை 24. இரு கரையிலும் ஒவ்வொன்றாக, ஆறு வரிசைக்கு ஒருமுறை கூட்டினால், 12 முறையில் 72 வரிசையில், ஏறக்குறைய 26 செண்டிமீட்டர் நீளத்தில் காரியம் முடியும். ஓரத்தை இணைத்துத் தைப்பதற்காக இரு பக்கமும் ஒவ்வொரு கண்ணி தனியே நிற்கும். அவை இந்தக் கணக்கில் சேரா.

தொடங்கும்போது 36 கண்ணி, ஆறு கட்டு. முடியும்போது 60 கண்ணி, பத்துக் கட்டு. ஒரு கரைக்கு இரண்டு கட்டு கூடியிருக்கும். தொடக்கமும் முடிவும் முழுக் கட்டாக அமைவது தற்செயலன்று. அவ்வாறு அமையும்படி அளவைத் தேர்ந்திருக்கிறோம். அளவு வகுப்பவர் செய்ய வேண்டிய முதல் வேலை இதுவே. 58 என்றோ 61 என்றோ எண்ணைக் கொடுத்துவிட்டு, மீதியைப் பின்னுபவர் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிடுவது பொறுப்பைத் தட்டிக்கழிப்பதாகும்.

இனிப் பின்னுபவரின் வேலை. புதிதாகப் பழகுபவர் பெரும்பாலும் செய்யும் தவறு, ஒவ்வொரு வரிசையையும் கரையிலிருந்து 'ஒன்று' என எண்ணத் தொடங்குவதே. கரையில் ஒரு கண்ணி கூடியவுடன் அந்த 'ஒன்று' ஓர் இடம் வெளியே நகர்ந்துவிடுகிறது. அதனோடு முழுத்துணியின் கட்டங்களும் நகர்கின்றன. பன்னிரண்டு முறை கூட்டி முடிந்தபின் பார்த்தால், நேராக நிற்க வேண்டிய கட்டங்கள் படிக்கட்டுபோல் ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும். இதற்குப் பரிகாரம் எளிது. முதல் வரிசையிலேயே 36 கண்ணியின் இரு எல்லையிலும் வேறு நிற நூலால் ஒரு சிறு வளையம் கட்டி ஊசியில் மாட்டிவிட வேண்டும். அந்த எல்லைகளுக்கு இடைப்பட்ட 36-ம் கடைசிவரை தம் இடம் மாறுவதில்லை. புதுக் கண்ணிகளை எல்லையிலிருந்து வெளிநோக்கி எண்ண வேண்டும். எண்ணிக்கை கட்டின் முடிவில் நிற்கும் கரையில், எல்லையைத் தாண்டி வரும் முதற்கண்ணி அடுத்த கட்டின் ஒன்றாவது; அதற்கு அப்பால் இரண்டாவது. கட்டின் தொடக்கம் நிற்கும் கரையிலோ எண்ணிக்கை தலைகீழ். எல்லையை ஒட்டி வருவது ஆறாவது. அதற்கு வெளியே ஐந்தாவது. அதற்கும் வெளியே நான்காவது.

இதனால் விளைவது யாதெனில், நாம் எடுத்துக்கொண்ட வேலைப்பாட்டில், ஒரே வரிசையில் ஒரு கரையின் புதுக்கண்ணி நேராகவும் மறுகரையின் புதுக்கண்ணி புரட்டாகவும் வரும். இரு கரையும் ஒன்றுபோல் இருக்க வேண்டும் என்று எண்ணி ஒரே மாதிரி பின்னுபவர், இரண்டில் ஒரு கரையைத் தவறாகவே பின்னுவார். மேலும் வேலைப்பாடு 8 வரிசைக்கு ஒருமுறை திரும்புகிறது; கூட்டல் 6 வரிசைக்கு ஒருமுறை வருகிறது. இவ்விரண்டும் 24-ஆம் வரிசையில்தான் ஒன்றாக முடியும். அதுவரை இரண்டையும் தனித்தனியே எண்ணி வர வேண்டும். ஒரு தாளில் இரண்டு பத்தி இட்டுக் கோடு கிழித்து வருவதே போதும். மனக்கணக்காகச் செய்வேன் என்பவர் இடையே குழந்தை அழுதால் எழுந்து போய்த் திரும்பி வருகையில் எங்கே நிற்பார் என்பதை நாம் சொல்ல வேண்டியதில்லை.

கட்டம் போன்ற எளிய வேலைப்பாட்டில் ஒவ்வொரு கண்ணியையும் வந்தவுடனே அதன் இடத்துக்குரியபடி பின்னிவிடலாம். துளை வேலைப்பாட்டில் அவ்வாறு செய்யலாகாது. அங்கே நூலை ஊசிமேல் சுற்றி ஒரு துளை உண்டாக்கினால் ஒரு கண்ணி கூடுகிறது. பக்கத்தில் இரண்டைச் சேர்த்து ஒன்றாகப் பின்னினால் ஒன்று குறைகிறது. இரண்டும் இணைபிரியாதவை. கரையில் இடம் போதாமல் துளையை மட்டும் போட்டு, குறைப்பதை விட்டுவிட்டால், வேண்டாத கண்ணி ஒன்று கணக்கில் நுழைந்துவிடும். அது எங்கே நுழைந்தது என்பது பத்து வரிசை கழித்தே தெரியும். ஆதலின் ஒரு கட்டுக்குரிய கண்ணிகள் முழுவதும் சேரும்வரை புதியவற்றை வேலைப்பாடின்றி நேராகப் பின்னிவந்து, சேர்ந்தபின் வேலைப்பாட்டில் நுழைப்பதே முறை. கண்ணிகளைக் குறுக்கே மாற்றிப் பின்னும் சடை வேலைக்கும் இதே விதி பொருந்தும்.

கண்ணியைக் கூட்டும் வகையிலும் கவனம் வேண்டும். ஒரே கண்ணியை முன்னும் பின்னுமாக இருமுறை பின்னிக் கூட்டுவது எளிது. ஆனால் அது ஒரு சிறு மேட்டை விடும். நேர்க்கண்ணிப் பரப்பில் அது வடுப்போல் தெரியும். புரட்டுப் பரப்பில் மறைந்துவிடும். இரு கண்ணிகளுக்கிடையே ஓடும் நூலைத் தூக்கி முறுக்கிப் பின்னினால் வடுவும் இல்லை, துளையும் இல்லை. நூலைச் சும்மா ஊசிமேல் சுற்றுவது துளையைத் தரும்; துளை வேண்டாத இடத்தில் அது குற்றம். எப்படிக் கூட்டினாலும் ஓரக் கண்ணியை விட்டு உள்ளே தள்ளிக் கூட்டினால் தைப்பதற்கு ஓரம் ஒழுங்காகக் கிடைக்கும்.

இவையெல்லாம் நம் பெண்மக்களுக்கு எட்டாத கணக்கா எனில், இல்லை. இடைப்புள்ளி 7 முதல் 4 வரை வைத்துக் கோலம் போடத் தெரிந்தவர், வாசல் பெரிதாயிருந்தால் அதையே 9 முதல் 5 வரை விரித்துப் போடுவதை நாம் பார்க்கிறோம். நடுவிலுள்ளதைக் குலைக்காமல் ஓரத்தில் வளர்க்கும் அறிவு அவர்களிடம் முன்பே இருக்கிறது. அவர்கள் முதலில் புள்ளியை வைத்துப் பிறகே இழையை இழுக்கிறார்கள் என்பதையும் கவனிக்க வேண்டும். பின்னலில் அந்தப் புள்ளியை வைத்துக் கொடுப்பது யார் என்பதே கேள்வி.

அது சங்கத்தின் கடமை என்போம். நெசவுச் சங்கங்களில் டிசைனைக் கட்டத்தாளில் எழுதித் தருவது வழக்கம். ஜக்கார்டு அட்டை அதிலிருந்தே குத்தப்படுகிறது. இதே கட்டத்தாளில் சட்டைக் கையின் உருவத்தையும் வரைந்து, ஒவ்வொரு கட்டத்திலும் நேரா புரட்டா என்று குறித்து, கூட்டும் வரிசைகளைச் சிவப்பு மையில் காட்டி, ஒவ்வோர் அளவுக்கும் தனித்தாள் கொடுத்துவிடலாம். 'இரு கரையிலும் கூட்டிக்கொண்டே வேலைப்பாட்டைத் தொடர்க' என்று ஒரே வரியில் எழுதிவிடும் குறிப்புப் புத்தகங்கள் உலகெங்கும் உண்டு. எழுதுபவருக்கு அது ஒரு வரி. பின்னுபவருக்கு 72 வரிசை. தறிக்காரர் ஒருவர் மாலைப்பொழுதில் அமர்ந்தால் தாள் வரைந்துவிடலாம். நெசவாளர் குடும்பமும் உழவர் குடும்பமும் ஒரே சங்கத்தில் இருப்பதன் பயன் இங்கே தெரியும்.

பருத்தி விளையும் வட்டாரத்தில் கம்பளி எதற்கு, வெயில் கொளுத்தும் ஊரில் ஸ்வெட்டர் யார் போடுவார் என்று சிலர் நகைக்கலாம். பருத்தி நூலிலும் கைப்பின்னல் உண்டு. குழந்தைகளுக்கான மெல்லிய சட்டையும் தொப்பியும் அதில் நன்றாக அமையும். ஆனால் ஒன்று: கம்பளி நூல் இழுபடும் தன்மையுள்ளது, சிறு பிழையை மறைத்துக்கொடுக்கும். பருத்தி நூல் அவ்வாறு மறைக்காது. நம் நூலில் பின்னுவதானால் நம் கை இன்னும் செம்மையாயிருக்க வேண்டும்.

"அக்குளுக்கு அடியில் வேலைப்பாடு எப்படி இருந்தால் என்ன? யார் தூக்கிப் பார்க்கப் போகிறார்கள்?" என்று கேட்பவரும் உண்டு. அவர்களுக்கு இரண்டு விடை கூறலாம். கையை மடித்துத் தைக்கும்போது இரு கரையும் ஒன்றோடொன்று சேர்கின்றன. ஒன்றில் பிழையிருந்தால் தையலின் நெடுகிலும் அது தெரியும். தவிர, மேலே காட்டியபடி ஓரத்துப் பிழை ஓரத்தில் நிற்பதில்லை. பண்டம் விலைபோகாமல் திரும்பி வருமானால் அந்த நஷ்டமும் அக்குளுக்கு அடியில் மறைந்திராது.

உருவத்துக்கேற்பப் பின்னும் வேலைக்கு உரிய கூலி கிடைக்காதபோது என்ன நேரும் என்பதற்குச் சரித்திரத்தில் ஓர் உதாரணம் உண்டு. இங்கிலாந்தில் வில்லியம் லீ என்பவர் 1589-இல் காலுறை பின்னும் சட்டத்தை அமைத்தார். நாட்டிங்ஹாம் வட்டாரத்தில் அத்தொழில் பெருகிற்று. கெண்டைக்காலில் அகன்று கணுக்காலில் குறுகும்படி கண்ணிகளைக் கையால் இடம் மாற்றிப் பின்னுவதே அங்கே முறையான தொழிலாயிருந்தது. பிற்காலத்தில் சில வியாபாரிகள் அகலமான சட்டங்களில் நேரான துணியைப் பின்னச் செய்து, கத்தரியால் காலுறை வடிவில் வெட்டித் தைத்து மலிவாக விற்கத் தொடங்கினர். வெட்டிய ஓரத்தில் கண்ணி பிரிந்து அவை விரைவில் கிழிந்தன. அவற்றின் மலிவோ, முறையாகப் பின்னியவரின் கூலியையும் கீழே இழுத்தது. இதுவும் வேறு பல குறைகளும் சேர்ந்து 1811 மார்ச்சு மாதம் ஆர்னால்டு என்னும் ஊரில் சட்டங்களை உடைக்கும் கலகமாக வெடித்தன. லட்டைட் இயக்கம் என்று உலகம் அறிந்தது இதுவே. சட்டத்தை உடைப்போருக்கு மரண தண்டனை விதிக்கும் மசோதா 1812-இல் வந்தபோது கவிஞர் பைரன் பிரபுக்கள் சபையில் அதை எதிர்த்துப் பேசினார். எனினும் அது நிறைவேறியது. அதே ஆண்டில் கிரேவனர் ஹென்சன் முதலிய தொழிலாளர் தலைவர்கள், மோசமான பண்டங்களைத் தடுக்கச் சட்டம் கோரி முயன்றனர். பொதுமக்கள் சபை இசைந்தது. பிரபுக்கள் சபை தள்ளிவிட்டது.

இயந்திரங்களை உடைத்ததை நாம் ஆதரிக்கவில்லை. வெட்டித் தைப்பது எப்போதும் மோசம் என்றும் சொல்லவில்லை. திருப்பூரில் வட்டப் பின்னல் இயந்திரத்தில் நெய்த துணியை வெட்டி, ஓரத்தைப் பூட்டித் தைத்துப் பனியன்கள் ஏராளமாக உற்பத்தியாகின்றன. மெல்லிய துணிக்கு அது ஏற்ற முறையே. வில்லியம் காட்டன் 1864-இல் உரிமம் பெற்ற இயந்திரம், உருவத்துக்கேற்பக் கண்ணிகளைத் தானே இடம் மாற்றும் வேலையையும் செய்துவிட்டது. நாம் கவனிக்க வேண்டியது வேறு. உருவம் கொடுத்தும் வேலைப்பாடு குலையாமலும் பின்னுவதற்குத் தனி மதிப்பு உண்டு என்பதைக் கூலியில் காட்டாத தொழிலில், அந்தத் திறமை முதலில் மறையும். பிறகு பண்டத்தின் நற்பெயர் மறையும்.

கைப்பின்னலுக்கு எடைக்கணக்கில் கூலி கொடுப்பது எளிதென்று நிர்வாகிகளுக்குத் தோன்றலாம். மேற்சொன்ன கையையே எடுத்துக்கொள்வோம். 48 கண்ணியில் 72 வரிசை நேராகப் பின்னிய ஒரு துண்டில் 3,456 கண்ணிகள். 36-இலிருந்து 60-க்கு விரியும் கையிலும் கிட்டத்தட்ட அவ்வளவே. நூலும் ஏறக்குறைய அதே; தராசில் இரண்டும் ஒன்றாகவே நிற்கும். வேலையோ ஒன்றன்று. தராசுக் கூலி கொடுத்தால், அறிவுள்ள அங்கத்தினர் நேரான துண்டுகளையே கேட்டு வாங்குவார். சட்டைக் கைகள் பழகாத கைகளுக்குப் போய்ச் சேரும். வெங்காயத்தைப் பருமன் பிரித்து விற்றால் கூடுதல் விலை என்பதை அறிந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் பள்ளிச் சீருடை தைக்கும் மகளிர் தையல் கூட்டுறவுச் சங்கங்களில் உடையின் வகைக்கேற்பக் கூலி வகுக்கப்படுகிறது. அந்த வழியைப் பின்னலில் இன்னும் நுணுக்கமாகக் கொண்டுசெல்ல வேண்டும்.

எமது யோசனை இது. எந்த ஆர்டரையும் ஏற்கும் முன், இரு கரையிலும் குறைந்தது ஒரு முழுக்கட்டு கூடும்வரை ஒரு மாதிரித் துண்டு பின்னச் செய்ய வேண்டும். அந்த நேரத்துக்கும் கூலி உண்டு. பிறகு பழகிய மூவரிடம் ஒரு நேர்த்துண்டையும் ஒரு கைத்துண்டையும் கொடுத்து, ஆகும் நேரத்தைக் குறித்து, அதைக் கொண்டு இரண்டுக்கும் வேறு வேறு விகிதம் வகுக்க வேண்டும். விகிதம் வகுக்கும் குழுவில் பின்னுபவர் பாதிப் பேராவது இருக்க வேண்டும். வீட்டிலிருந்தபடியே செய்வதால் அது வேலையல்ல, பொழுதுபோக்கு என்று பேசுகிறவர்களை அந்தக் குழுவில் சேர்க்காதிருப்பது நலம்; அல்லது அவர்கள் கையிலும் ஊசியைக் கொடுத்து 24 வரிசையாவது பின்னச் சொல்லலாம்.

பிழை நேர்ந்தால் பிரித்துப் பின்னத்தான் வேண்டும். யார் செலவில் என்பதை முன்கூட்டியே எழுதிவைப்பது பிற்பாடு வரும் மனத்தாங்கலைத் தவிர்க்கும். தாளில் குறித்தது தவறாயிருந்து பிரிக்க நேர்ந்தால் அந்த நேரத்துக்குச் சங்கமே கூலி தர வேண்டும். தாள் சரியாயிருந்து கை தவறியிருந்தால் பின்னியவரே பிரித்துச் சரிசெய்யட்டும். ஆயினும் பிரித்த நூலுக்கென்று அவர் கூலியில் பிடித்தம் செய்யலாகாது. அந்த நூல் மறுபடியும் ஊசிக்குத்தான் போகிறது; பிரித்ததில் துவண்டுபோன சிறிதளவு நூலை அடுத்த மாதிரித் துண்டுக்கு எடுத்து வைத்துக்கொள்ளலாம்.